மேடை கட்டுகிறவர்களின் கூலி

2018 ஜனவரி 6. புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் நட்சத்திர விழா. ரஜினிகாந்த், கமல்ஹாசன் தொடங்கித் தமிழ்த் திரையுலகின் பெரும்பகுதியே கோலாலம்பூரில் வந்து இறங்கியது. ஈஜோக்கிலிருந்தும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் வேன் பிடித்துப் போனவர்களுக்கு நடனங்கள் நினைவிருக்கும், கிரிக்கெட் ஆட்டம் நினைவிருக்கும். அந்த விழா எதற்காக நடந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சென்னை தியாகராய நகரில் நடிகர் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப நிதி திரட்டினார்கள். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காகக் கட்டும் கட்டடத்துக்கு, கடல் கடந்து நாமும் டிக்கெட் வாங்கிக் கல் எடுத்துக் கொடுத்தோம்.

அதில் தவறேதும் இல்லை. சங்கத்தின் அருமை தெரிந்த சமூகம் நம்முடையது. ஆனால் நம் பக்கத்துத் திடல்களிலும் பள்ளி மண்டபங்களிலும் கோயில் வளாகங்களிலும் மேடை கட்டுகிறவர்கள், விளக்கு தொங்கவிடுகிறவர்கள், ஒலிபெருக்கி அடுக்குகிறவர்கள், ஜெனரேட்டர் அருகே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர்கள், இவர்களுக்காகப் பேசப் பதிவு பெற்ற தொழிற்சங்கம் என்று சொல்ல வட சிலாங்கூரில் எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை மேசை என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு கலைநிகழ்ச்சி எப்படி எழும்புகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையிலேயே லோரி வந்துவிடும். இரும்புச் சட்டங்களை இறக்கி, தளம் போட்டு, பலகை அடித்து, கெனப்பி ஏற்றி, வயர் இழுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஒலிச் சோதனை. நிகழ்ச்சி முடிந்து, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, கூட்டம் கலைந்த பிறகு, கட்டியதையெல்லாம் அவிழ்க்க வேண்டும். லோரி திரும்பும்போது கோழி கூவும் நேரம் ஆகியிருக்கும். இந்த உழைப்புக்குக் கணக்கு எப்படி? பெரும்பாலும் ‘நாள் கூலி’. காலை எட்டுக்குத் தொடங்கிய நாள் மறுநாள் அதிகாலை நான்குக்கு முடிந்தாலும் அது ஒரே நாள்தான். மழை வந்து நிகழ்ச்சி ரத்தானால் அந்த ஒரு நாளும் கணக்கில் ஏறுவது சந்தேகம். ஏற்பாட்டாளர் ஒலி, ஒளி நிறுவனத்துக்கு மொத்தத் தொகை பேசுவார். நிறுவனக்காரர் தன் பையன்களுக்குத் தனியாகப் பேசுவார். இரண்டு பேச்சுக்கும் காகிதம் கிடையாது. கோயில் திருவிழா என்றால் ‘சாமி காரியம் தம்பி, பார்த்துப் போடு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதலாளி கெட்டவர், தொழிலாளி நல்லவர் என்று கோடு கிழிக்க நான் வரவில்லை. ஏற்பாட்டாளர்களில் பலர் சொந்தச் சேமிப்பைப் போட்டு நாடகமும் நடனமும் நடத்துகிறவர்கள். டிக்கெட் விற்காமல் கடனாளி ஆனவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் ஒரு கேள்வி நியாயமானது: இத்தனை பேர் எதற்கு, இத்தனை மணி நேரம் எதற்கு? உலகத்தில் எங்கெல்லாம் அரங்கத் தயாரிப்பாளரும் மேடைத் தொழிலாளியும் மோதிக்கொண்டார்களோ அங்கெல்லாம் இதே கேள்விதான் நடுவில் இருந்திருக்கிறது.

நியூயார்க்கின் பிராட்வேயை எடுத்துக்கொள்வோம். அங்கே மேடைத் தொழிலாளர்களின் சங்கம் 1886இல் தொடங்கியது. ‘லோக்கல் ஒன்’ என்று பெயர். காட்சி மாற்றுகிறவர், விளக்கு இயக்குகிறவர், தச்சர், ஒலிக்காரர் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். நூறாண்டுக்கு மேல் வேலைநிறுத்தமே செய்யாத சங்கம் அது. 2007 நவம்பர் 10 அன்று முதல் முறையாக வேலையை நிறுத்தியது. பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் இருண்டன. தனி ஒப்பந்தம் வைத்திருந்த சில மட்டும் நடந்தன. ஆண்டிறுதி வருமானக் காலம் அது. வேலைநிறுத்தம் 19 நாள் நீடித்தது.

எதற்காக? சம்பள உயர்வு ஒரு பகுதிதான். முக்கியமான சண்டை வேறு. புதிய நாடகம் ஒன்றின் காட்சியமைப்புகளை அரங்குக்குள் கொண்டுவந்து நிறுவ வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலைக்குத் தொடக்கத்தில் எத்தனை பேரை அழைக்கிறார்களோ அத்தனை பேரையும் அது முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. ‘வேலை இல்லாத நாளிலும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்’ என்றார்கள் தயாரிப்பாளர்கள். ‘ஆளைக் குறைத்தால் மிஞ்சியவன் முதுகில் பாரம் ஏறும், பாதுகாப்பு போகும், நாளைக்கு வேலை உண்டா என்ற உறுதியும் போகும்’ என்றது சங்கம். கடைசியில் ஆள் எண்ணிக்கையில் தயாரிப்பாளருக்குக் கொஞ்சம் நெகிழ்வு கிடைத்தது, தொழிலாளிக்கு ஊதிய உயர்வு கிடைத்தது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்து எழுந்தன. விட்டுக்கொடுக்க இரண்டு பக்கமும் கையில் ஏதாவது இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் திடலில் நிற்கும் பையனுக்கு விட்டுக்கொடுக்கக் கையில் ஒன்றுமே இல்லை.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2003 மார்ச்சில், அதே பிராட்வேயில் வாத்தியக் கலைஞர்கள் சில நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய அரங்குகளில் இத்தனை வாத்தியக்காரர் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர்கள் எடுக்கப் பார்த்தார்கள். அவர்கள் இடத்தில் கணினி இசையை ஓட விடுவோம் என்றும் சொன்னார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களின் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போக மறுத்தார்கள். நாடகங்கள் நின்றன. ஒரே கூரைக்குக் கீழ் உழைக்கிற மூன்று தொழில்காரர்கள் ஒருவருக்காக ஒருவர் நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் மேடையில் பாடகர் ஒலிக்காரருக்காக நிற்பாரா?

சென்னையின் பாடம்

நாம் அன்றாடம் பார்க்கிற தமிழ்ப் படங்களின் பின்னால் இருக்கும் அமைப்பு ஃபெப்சி, அதாவது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். லைட்மேன், செட் போடுகிறவர், ஒப்பனையாளர், உடை அலங்காரம், சண்டைப் பயிற்சியாளர், ஓட்டுநர், சமையல் ஆள் வரை 23 சங்கங்கள்; உறுப்பினர்கள் சுமார் 25,000 பேர்.

தயாரிப்பாளர்களுக்கும் ஃபெப்சிக்கும் மோதல் புதிதல்ல. 1997இல் தமிழ்த் திரையுலகம் மாதக்கணக்கில் முடங்கியது. பாரதிராஜா முதலான இயக்குநர்கள் படைப்பாளிகள் என்ற பெயரில் ஒரு பக்கம், தொழிலாளர் சம்மேளனம் மறு பக்கம். இருபது ஆண்டு கழித்து 2017இல் மறுபடியும் வெடித்தது. அப்போது தயாரிப்பாளர் சங்கத் தலைவர் விஷால். ஃபெப்சி தலைவர் இயக்குநர் ஆர்.கே. செல்வமணி. ‘ஃபெப்சி உறுப்பினரைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்பதில்லை, யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்வோம்’ என்றது தயாரிப்பாளர் தரப்பு. ஆகஸ்டு தொடக்கத்தில் ஃபெப்சி வேலையை நிறுத்தியது. ரஜினியின் ‘காலா’, விஜய்யின் ‘மெர்சல்’ உட்படப் பல படப்பிடிப்புகள் நின்றன. சில நாளில் பேச்சு நடந்து வேலை தொடங்கியது. நெருப்பு மட்டும் அணையவில்லை. 2025இல் தயாரிப்பாளர் சங்கம் ஃபெப்சிக்குப் போட்டியாகப் புதிய தொழிலாளர் சம்மேளனம் ஒன்றுக்கு ஆதரவு தர, சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மே 14 அன்று ஃபெப்சி ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தமும் செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத்தில் தெலுங்குத் திரைப்படத் தொழிலாளர்கள் 30 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு இரண்டு வாரத்துக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். தெலங்கானா தொழிலாளர் துறை நடுவில் நின்று பேசியதில், குறைந்த சம்பளக்காரர்களுக்கு மூன்று ஆண்டில் படிப்படியாக 22.5 விழுக்காடு என்று முடிந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, கையெழுத்திட்ட காகிதம் கிடைத்தது.

ஆள் எண்ணிக்கை, மணிக்கணக்கு, பாதுகாப்பு இவை ஏதோ சங்கத் தலைவர்களின் பிடிவாதம் என்று நினைக்கிறவர்கள் 2020 பிப்ரவரி 19 இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே ஈவிபி படப்பிடிப்புத் தளத்தில் ‘இந்தியன் 2’ வேலை நடந்துகொண்டிருந்தது. உயரத்தில் விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர், தயாரிப்பு உதவியாளர் ஒருவர், உணவு வேலையில் இருந்தவர் ஒருவர். சுவரொட்டியில் பெயர் வராத மூவர். கெனப்பிக் கம்பியின் மேல் ஏறி நின்று, பாதுகாப்பு வார் இல்லாமல் ஒரு கையில் விளக்கையும் மறு கையில் சட்டத்தையும் பிடித்திருக்கும் பையன்களை நம் திடல்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பல பேருக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இல்லை.

ஜாலான் அம்பாஸில் மூன்று வாரம்

இந்தக் கதை அமெரிக்காவுக்கும் சென்னைக்கும் மட்டும் சொந்தமானது அல்ல. நம் மலாயா மண்ணிலும் கலைத்தொழிலாளர் போராட்டத்துக்கு வரலாறு உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனம் இருந்தது. அதில் தொடக்கக் காலத்து இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 1950ஆம் ஆண்டுப் படம் ‘பக்தி’யை இயக்கியவர் எல். கிருஷ்ணன். அந்த ஸ்டூடியோவில் நட்சத்திரமும் மாதச் சம்பள ஊழியர்தான். 1950களின் நடுவில் மலாயாக் கலைஞர் சங்கமான பெர்சாமா உருவானது, தலைமையில் பி. ரம்லி. 1957இல் நிர்வாகம் சிலரை வேலையைவிட்டு நீக்கியபோது பெர்சாமா வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் வரை சுமார் மூன்று வாரம். நாடே கொண்டாடிய நாயகன் கம்பெனிக்கு எதிராகச் சக ஊழியர்களோடு நின்றார். ரம்லியின் பாடலுக்கு நம் வீடுகளிலும் தலையாட்டுகிறோம், இந்த ரம்லியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சிலாங்கூருக்கு வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்பது இருந்தது. கூடவே, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமையும் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு எழுந்த தொழிற்சங்க அலையில் மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதி ரவாங் பக்கத்தில் பிடிபட்டு 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். பிறகு 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி.பி. நாராயணன், முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தப் பேச்சு என்று வேறொரு பாதை தொடங்கியது.

அந்தப் பாதையில் தோட்ட மக்கள் மிக நீண்ட காலம் கேட்ட ஒன்று மாதச் சம்பளம். காரணம் மழை. விடியற்காலையில் மழை பிடித்தால் பால்மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. ஒரு மழை மாதம் முழுக் குடும்பத்தையும் கடைக்காரரிடம் கடன் சொல்ல வைத்தது. வானம் செய்ததற்குத் தொழிலாளி ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கையின் உயிர். இன்றைக்கு அதே குடும்பத்துப் பேரன் திடலில் மேடை கட்டுகிறான். மழை வந்து நிகழ்ச்சி நின்றால் அவன் கூலியும் நிற்கிறது. தாத்தா நின்ற இடத்திலேயே அவனும் நிற்கிறான். அவனுக்குக் கூலி தராமல் வீட்டுக்கு அனுப்புவது துரை அல்ல, நாம்தான். தோட்டத்து நினைவுகளைக் கவிதையாகவும் கதையாகவும் மேடையேற்றுகிற நம் விழாக்களில்கூட இது நடக்கிறது என்பது என்னை உறுத்துகிறது.

ஆள் குறைப்பும் நமக்குப் புதிய சொல் இல்லை. இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதலில் நடப்பட்டது நம் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டாம். மரம் மாறியபோது லயங்கள் காலியாயின. வீடும் வேலையும் ஒன்றாகப் போன குடும்பங்களின் வீட்டுப் போராட்டம் மேரி, மிஞ்ஞாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் தோட்டங்களில் பல்லாண்டு நீண்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் லோரி ஓட்டினார்கள், காதில் பாட்டு ஒட்டிக்கொண்ட சிலர் ஸ்பீக்கர் தூக்கப் போனார்கள்.

கதவை அடைத்துக்கொண்ட சங்கம்

சங்கம் வேண்டும் என்று சொல்லும்போது சங்கங்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஃபெப்சியின் மேல் தயாரிப்பாளர்கள் வைக்கும் குற்றச்சாட்டில் ஒன்று, உறுப்பினர் அட்டை இல்லாதவனை வேலை செய்ய விடுவதில்லை என்பது. ஊரிலிருந்து வரும் ஏழைப் பையனுக்கு அட்டை எடுக்கும் செலவே பெரிய மலை. இதில் உண்மை இருக்கிறது. உள்ளே இருக்கிறவனைக் காக்கக் கட்டிய சுவர் வெளியே நிற்கிறவனுக்கு எதிரான சுவராக மாறிவிடுகிறது. முதலாளி அந்த வெளியே நிற்கிறவனைத்தான் தேடிப் போகிறார்.

நம் தோட்டங்களிலும் இதே நடந்தது. குத்தகைக்காரர் வழியாக அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்தபோது, அவர்களை நம் சங்கத்தில் சேர்த்து ஒன்றாகக் கூலி கேட்பதற்குப் பதிலாக அவர்களை எதிரியாகப் பார்த்தோம். சங்கத்தின் பலம் கரைந்தது. மேடைத் தொழிலாளர்கள் நாளை ஒன்று சேர்ந்தால் லோரியில் கூட வரும் வங்காளதேசத்துத் தோழரையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். அவரை விட்டுவிட்டு எழுதும் ஒப்பந்தம் ஒரு பருவம்கூடத் தாங்காது.

தயாரிப்பாளர் பக்கத்துச் சுமையும் பேச்சில் இடம்பெற வேண்டும். நூறு நாற்காலி மண்டபத்தில் நடக்கும் நவீன நாடகத்துக்கும் நட்சத்திரக் கச்சேரிக்கும் ஒரே கூலி விதி வைத்தால் நாடகம் செத்துவிடும். பிராட்வேயிலும் சிறிய அரங்குகளுக்கு வேறு ஒப்பந்தங்கள் உண்டு. வருமானத்துக்கு ஏற்பப் படிநிலை வைக்கலாம். ஆனால் எந்தப் படியிலும் விட்டுக்கொடுக்க முடியாதவை சில: எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு மிகை நேரக் கூலி, மழையில் ரத்தானால் எவ்வளவு, உயரத்தில் ஏறுகிறவனுக்குப் பாதுகாப்பு வார், விழுந்தால் சொக்சோ. நாட்டின் வேலைச் சட்டமே 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று குறைத்துவிட்டது. குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். இவை எதுவும் நம் மேடைக்குப் பின்புறம் எட்டிப் பார்க்கவில்லை. வேலைக்காரன் என்று எழுத்தில் இல்லாதவனைச் சட்டம் தேடி வராது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதா நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. பொருள் விநியோகம் செய்யும் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கான சட்டம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலைத்துறையில் வேலைக்கு வேலை ஒப்பந்தம் பேசி உழைக்கிறவர்களையும் அது மனத்தில் கொண்டது. என்ன வேலை, எவ்வளவு பணம் என்பதைச் சொல்லும் ஒப்பந்தம், தகராறுக்குத் தீர்ப்பாயம், சொக்சோ பாதுகாப்பு ஆகியவை அதன் அடிப்படை. வாய்ப்பேச்சு நின்று காகிதம் வர இதைவிட நல்ல வேளை அமையாது.

நம் கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கலைமன்றங்களும் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒலி, ஒளி நிறுவனத்தோடு பேசும்போது, எத்தனை ஆள் வருவார்கள், அவர்களுக்கு எவ்வளவு போகும், எத்தனை மணிக்கு அவர்களின் வேலை முடியும் என்று மூன்று கேள்வியைக் கேட்டு, பதிலை அதே விலைப்பட்டியலில் எழுதி வாங்கலாம். மழைக்காக ஒரு சிறு தொகையை நிகழ்ச்சி பட்ஜெட்டில் ஒதுக்கலாம். நிறுவனக்காரர்களில் நேர்மையானவர்கள் இதை வரவேற்பார்கள். கூலியைக் குறைத்து விலையைக் குறைக்கும் போட்டியாளரிடம் இப்போது தோற்பது அவர்கள்தானே.

மற்றதைத் தொழிலாளர்கள்தான் செய்ய வேண்டும். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, தொழிலாளர்கள் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரே தொழிலுக்குள்தான் சங்கம் என்ற பழைய கட்டுப்பாட்டையும் தளர்த்திவிட்டது. விளக்குக்காரரும் ஒலிக்காரரும் பந்தல்காரரும் லோரி ஓட்டுநரும் ஒரே சங்கத்தில் சேரத் தடையில்லை. நிறுவனங்களில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இந்த வழியில் தொடங்கலாம். தனியாக ஒப்பந்தம் பேசுகிறவர்களுக்குப் புதிய சட்டத்தின் வழி இருக்கிறது. தஞ்சோங் காராங்கில் ஒரு சனிக்கிழமை இரவு நடக்கும் நடுத்தரக் கச்சேரி ஒன்றுக்கே லோரியிலிருந்து ஏழு பேருக்கு மேல் இறங்குகிறார்கள்.